சூசாமிர் பனியில் மாட்டிய இரவு: ஓஷிலிருந்து பிஷ்கெக் போகிறவர்களுக்கு

டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் ஓஷிலிருந்து சாலை வழியாக பிஷ்கெக் போய் அங்கே ஊருக்கு விமானம் பிடிக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கிர்கிஸ்தானில் மருத்துவம் படிக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருத்தி. சேரும்போது கட்டணம், விடுதி, சாப்பாடு, குளிர் எல்லாம் விசாரிக்கிறோம். இந்தச் சாலையைப் பற்றி மட்டும் எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாற்பதாயிரத்துக்கு மேல் பணம் மிஞ்சியிருக்கும். என் அம்மாவும் அப்பாவும் போனைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டிய நிலையும் வந்திருக்காது.

முதலில் ஊர் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டின் நிலப்பரப்பில் 90 சதவீதத்துக்கும் அதிகமான பகுதி 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. தியான் ஷான் மலைத்தொடர்கள் நாட்டை நடுவே அறுத்து, தலைநகர் பிஷ்கெக்கை வடக்கேயும் ஓஷ், ஜலாலாபாத்தைத் தெற்கேயும் பிரித்து வைத்திருக்கின்றன. நாட்டுக்குள்ளேயே இந்த இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ரயில் பாதை கிடையாது. சோவியத் காலத்தில் ரயில் உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தான் வழியாகச் சுற்றிப் போனது. அப்போது அது எல்லாமே ஒரே நாடு, யாருக்கும் கஷ்டமில்லை. இப்போது பழங்கள், நிலக்கரி, மாடுகள், ஆட்கள் எல்லாம் பெரும்பாலும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஓஷ்–பிஷ்கெக் நெடுஞ்சாலையை நம்பித்தான் இருக்கின்றன. அந்தச் சாலை 3,000 மீட்டருக்கு மேலே இரண்டு கணவாய்களைத் தாண்டுகிறது. தெற்கிலிருந்து போனால் முதலில் அலா-பெல், அடுத்து தோ-அஷூ. இரண்டுக்கும் நடுவே சூசாமிர் பள்ளத்தாக்கு. கோடையில் யூர்ட் கூடாரங்களும் குதிரை மந்தைகளும் நிறைந்து, சாலையோரம் குதிரைப்பாலில் செய்த கிமிஸ் விற்கும் இடம். ஜனவரியில் அங்கே மைனஸ் முப்பது சாதாரணம்.

ஓஷிலிருந்து பிஷ்கெக்குக்கு விமானம் உண்டு, ஒரு மணி நேரம்கூட ஆகாது. நானும் அதில்தான் சீட்டு எடுத்திருந்தேன். அன்று காலை ஓஷில் மூடுபனி. மதியம் வரை காத்திருக்க வைத்துவிட்டு விமானம் ரத்து என்று சொன்னார்கள், அடுத்து சீட்டு கிடைக்க நாளாகும் என்றார்கள். மறுநாள் மாலை பிஷ்கெக்கிலிருந்து டெல்லி விமானம், அங்கிருந்து மதுரைக்கு வேறு டிக்கெட். பொங்கலுக்கு வீட்டில் இருக்க வேண்டும். விடுதியில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ஷேர் டாக்சியில் ஏறிவிடு, பன்னிரண்டு மணி நேரத்தில் பிஷ்கெக். கோடையில் அது சரி. நானே கோடையில் போயிருக்கிறேன், அழகான பயணம். குளிர்காலத்தில் அது வேறு சாலை என்பதை விடுதியில் யாரும் அனுபவித்ததில்லை, அதனால் சொல்லவும் ஆளில்லை.

பஜார் பக்கம் போனாலே "பிஷ்கெக், பிஷ்கெக்" என்று கூப்பிடுவார்கள். ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். என்னுடையது ஹோண்டா ஸ்டெப்வேகன், ஆளுக்கு 2,500 சோம். சோமும் ரூபாயும் ஏறக்குறைய சம மதிப்பு, கணக்குப் போடுவது சுலபம். ஒரு வயதான அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அபா என்றுதான் கூப்பிட வேண்டும், வயதில் மூத்த பெண்களை அங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த பையனை எழுப்பிப் பின்னால் அனுப்பிவிட்டு அங்கே என்னை உட்காரச் சொன்னார். தனியாகப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது இது: வண்டியில் ஒரு அபாவோ எஜேவோ (அக்காவோ) இருக்கிறாரா என்று பார்த்து ஏறுங்கள். அன்றைக்கு எனக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை. ஏறுவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். டயர் குளிர்கால டயரா, பனியில் வழுக்காமல் டயரில் மாட்டும் சங்கிலி வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள், நல்ல டிரைவர் கோபப்பட மாட்டார். அடுத்து, உங்கள் கனமான ஜாக்கெட், கையுறை, கம்பளி சாக்ஸ் எதையும் பெட்டியில் போட்டு டிக்கியில் வைக்காதீர்கள். வண்டிக்குள் ஹீட்டர் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் டிக்கியில் அடுக்கிவிடுவார்கள். பாதி ராத்திரியில் காற்றும் பனியும் அடிக்கும்போது டிக்கியைத் திறக்க முடியாது.

உஸ்கென், ஜலாலாபாத் பக்கம் எல்லாம் வெயில் அடித்தது. தாஷ்-கோமுர் தாண்டி நாரின் ஆற்றை ஒட்டி ஏறும்போது இருட்டிவிட்டது. டோக்டோகுல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகும் அந்த நீண்ட வளைவில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. 19.5 பில்லியன் கனமீட்டர் கொள்ளளவு கொண்ட நீர்த்தேக்கம் அது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அதன் தண்ணீரிலிருந்தும் நாரின் ஆற்றில் அதற்குக் கீழே உள்ள அணைகளிலிருந்தும் வருகிறது. அங்கே தண்ணீர் குறைந்த குளிர்காலத்தில் எங்கள் விடுதியில் கரண்ட் போகும். சாப்பிட நிறுத்திய கடையில் பொரித்த மீன் சாப்பிட்டோம். அங்கேயே டிரைவர்களுக்குள் பேச்சு, மேலே பனி கொட்டுகிறது என்று. எங்கள் டிரைவர் யோசித்தார். முன்னால் நான்கைந்து வண்டிகள் கிளம்பியதும் அவரும் கிளம்பிவிட்டார். சாலை திறந்திருக்கிறதா என்று நாமே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். அங்கே அவசரகால அமைச்சகம் இருக்கிறது, 112க்கு அழைத்தால் அவர்களிடம் போகும். பனிச்சரிவு எச்சரிக்கை இருந்தால் அவர்கள் அறிவிப்பு விடுவார்கள், உள்ளூர்ச் செய்திகளிலும் வரும். கிர்கிஸ் தெரியாவிட்டால் ரஷ்ய மொழியில் "தரோகா அத்கிரிதா?" என்று கேட்கத் தெரிந்தால் போதும், சாலை திறந்திருக்கிறதா என்று அர்த்தம். சாப்பாட்டுக்கு நிற்கும் டோக்டோகுல்தான் நீங்கள் முடிவெடுக்கக்கூடிய கடைசி இடம். அங்கே தங்க விடுதி உண்டு, போனில் சிக்னல் உண்டு. அதற்கு மேல் சிச்கான் பள்ளத்தாக்கில் ஏற ஆரம்பித்துவிட்டால் இரண்டுமே போய்விடும்.

அலா-பெல் கணவாயை ஊர்ந்து தாண்டினோம். சூசாமிரில் இறங்கி, நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் வரிசையாக லாரிகளின் சிவப்பு விளக்குகள். தோ-அஷூ ஏற்றத்தில் பனிச்சரிவு விழுந்து சாலை மூடியாகிவிட்டது. சரி, திரும்பி டோக்டோகுல் போய்விடலாம் என்று வண்டியைத் திருப்பினால், எதிரே வந்த லாரிக்காரர் கையை ஆட்டினார். நாங்கள் தாண்டி வந்த பக்கத்திலும் பனி விழுந்து அடைத்துவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. எனக்குத் தொண்டை அடைத்தது. அழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அபாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் "கிசிம், கிசிம்" என்று முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், மகளே என்று. கையில் இருந்த பையிலிருந்து ஒரு வெள்ளை உருண்டையை எடுத்து என் வாயில் போட்டார். குருத்து, தயிரை வடித்து உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்தது. முதலில் பல்லே இறங்காது, மெதுவாகத்தான் கரையும். ராத்திரி முழுக்க அதைத்தான் வாயில் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். எந்த பஜாரிலும் கிடைக்கும், கெட்டுப்போகாது. இப்போது குளிர்காலத்தில் எங்கே போனாலும் என் சட்டைப்பையில் நான்கு உருண்டை இருக்கும்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள், இது பணத்தைப் பற்றியது இல்லை. வெளியே மைனஸ் இருபத்தைந்துக்குக் கீழே இருக்கும்போது எல்லோரும் இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குவார்கள். காற்று அடித்து வந்த பனி வண்டிக்குப் பின்னால் குவிந்து புகைக்குழாயை மூடிவிட்டால், கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம், அவ்வளவுதான் அறிகுறி. அந்த உயரத்தில் இருக்கிறவர்களுக்கு மலையினாலேயே தலை வலிக்கும் என்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நடு ராத்திரிக்கு மேல் பின் சீட்டில் இருந்த பையன் தலை வலிக்கிறது என்றான், கொஞ்ச நேரத்தில் அபாவும் அதையே சொன்னார். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. படித்த பாடம்தான், ஆனால் அதை அரைகுறை கிர்கிஸில் டிரைவருக்குப் புரியவைக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தச் சொல்லி, கதவுகளைத் திறந்துவிட்டு, டிரைவரும் நானும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். பின் பம்பர் வரை பனி. கையாலும் ஒரு தகரத் துண்டாலும் தோண்டியபோது புகைக்குழாய் வாயைச் சுற்றி ஒரு குகை மாதிரி கருத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வண்டியில் ஒரு ஒழுங்கு வந்தது. மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜின், அதற்கு முன் ஒருவர் இறங்கிப் பின்னால் பனியைத் தள்ள வேண்டும், ஓடும்போது ஒரு கண்ணாடி விரல் அளவு திறந்திருக்க வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது. டிரைவர் பக்கத்து வண்டிகளுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். உங்கள் வண்டியில் மருத்துவ மாணவர் இருக்க வேண்டும் என்பதில்லை, இதைத் தெரிந்த ஒரு ஆள் இருந்தால் போதும்.

வோட்கா பாட்டில் ஒன்று கை மாறியது. குடித்தால் சூடாவது போலத் தோன்றும், உண்மையில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உடம்புச் சூடு வெளியே போகும். வண்டிகளைத் தள்ளிவிட்டுக் கையுறை இல்லாமல் நின்ற ஒரு பையனுக்கு மூன்று விரல் நுனி மெழுகு வெள்ளையாகிவிட்டது. ஒருவர் பனியை எடுத்து அதில் தேய்க்கப் போனார், பழைய பழக்கம். நான் கத்தித் தடுத்தேன். தேய்த்தால் உறைந்த தோல் கிழிந்து காயம் பெரிதாகும். அக்குளுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் கிடைத்ததும், முழங்கையை விட்டுப் பார்த்துச் சூடு சரியாக இருந்த பிறகு விரல்களை அதில் வைத்தோம். நிறம் திரும்பும்போது எரிகிறது என்று துடித்தான், அது நல்ல அறிகுறி.

விடிந்ததும் கொஞ்ச தூரம் நடந்து ஒரு ஆஷ்கானாவுக்குப் போனோம், சாலையோரச் சாப்பாட்டுக்கடை. ஒரே அறை, நடுவில் இரும்பு அடுப்பு. நிலக்கரியோடு காய்ந்த சாணத்தையும் போட்டு எரித்தார்கள். அந்த வறட்டிப் புகை வாசனையில் எனக்குச் சட்டென்று பாட்டி வீட்டு நினைப்பு வந்து கண் கலங்கிவிட்டது. எத்தனை வண்டி ஆட்கள் அந்த அறைக்குள் என்று எண்ண முடியவில்லை. ஆனாலும் வீட்டுக்காரம்மா வயதானவர்களையும் குழந்தைகளையும் கதவுக்கு எதிர்ச்சுவர் பக்கம், மரியாதையான இடத்தில், உட்கார வைத்தார். வெளிநாட்டுப் பிள்ளை என்று என்னையும் அங்கே இழுத்துக்கொண்டார்கள். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் பாதி அளவுதான் டீ ஊற்றுவார்கள், குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அது கஞ்சத்தனம் இல்லை. சூடாக நிறையத் தரம் ஊற்றுவதுதான் உபசாரம், விளிம்பு வரை நிரப்பினால் கிளம்பு என்று அர்த்தமாகிவிடும். ரொட்டியைக் கையால் பிய்த்து எல்லோர் முன்னாலும் வைப்பார்கள். அதைக் கவிழ்த்து வைக்காதீர்கள், கீழே போடாதீர்கள், மனம் வருந்துவார்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் சேர்ந்து கைகளை முகத்தில் தடவி ஓமின் சொல்வார்கள், நீங்களும் செய்தால் சந்தோஷப்படுவார்கள். டீக்கும் லக்மான் என்ற நூடுல்ஸுக்கும் எப்போதும் வாங்கும் விலையைத்தான் வாங்கினார்கள். அவ்வளவு பேர் மாட்டிக்கொண்டிருக்கும்போது விலையை ஏற்றியிருக்கலாம், ஏற்றவில்லை. அதை நான் எங்கே போனாலும் சொல்வேன். கார்டு, போன் பணம் எதுவும் அங்கே வேலை செய்யாது, 50, 100, 200 சோம் நோட்டுகளாக இரண்டாயிரமாவது உள்சட்டையில் வைத்திருங்கள். சைவம் என்றால் ரொட்டி, ஜாம், டீ, கைமாக் என்ற பாலாடை, இவ்வளவுதான். எல்லாச் சூப்பும் கறி வேகவைத்த தண்ணீர்தான். பெண்களுக்கு இன்னொன்று: கழிப்பறை வெளியே, பலகையில் ஓட்டை போட்டது, பனிக்குள் நடந்து போக வேண்டும். மாதவிடாய் நாள் இல்லாவிட்டாலும் நாப்கின், டிஷ்யூ கைப்பையிலேயே இருக்கட்டும்.

போன் நாற்பது சதவீதத்தில் இருந்து அப்படியே அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரி அப்படித்தான் விழும், போனையும் பவர் பேங்கையும் உடம்போடு ஒட்டி வையுங்கள். அணையாமல் இருந்திருந்தாலும் அங்கே சிக்னல் இல்லை. என் விமானம் பிஷ்கெக்கில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அடுப்பு ஓரமாக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இருட்டும் நேரத்தில் புல்டோசர் ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி வெட்டியது. லாரிகளை நிறுத்திவைத்து, சின்ன வண்டிகளை முதலில் விட்டார்கள். தோ-அஷூ உச்சியில் இரண்டரை கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கப்பாதை, 1960களில் கட்டியது, உள்ளே புகை தேங்கும். கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனைப் போடச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் இறங்கி கரா-பால்டா வந்ததும் சிக்னல் வந்தது. அப்பாவுக்கு அழைத்தேன். "பாப்பா, சாப்டியா?" என்றார். விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அபா என் போனை வாங்கி கிர்கிஸில் அவரிடம் ஏதோ நீளமாகச் சொன்னார், அப்பாவும் தமிழில் "ரொம்ப நன்றிம்மா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி பணக் கணக்கு. டெல்லி டிக்கெட் 22,400 ரூபாய், டெல்லி–மதுரை 6,900. இரண்டும் போயிற்று. புதிதாக எடுத்தது 29,500, மதுரைக்கு 8,700. பிஷ்கெக்கில் ஹாஸ்டல், சாப்பாடு, டாக்சி எல்லாம் சேர்த்து நாலாயிரம். ஆக, கூடுதலாகக் கையை விட்டுப் போனது 42,200. அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் கொடுத்தார். விமான நிறுவனத்தில் கேட்டபோது சொன்ன பதில்தான் இன்னும் வலிக்கிறது: விமானம் கிளம்புவதற்கு முன்னால் தேதி மாற்றக் கேட்டிருந்தால் மாற்றுக் கட்டணமும் வித்தியாசமும் மட்டும்தான், வராமல் இருந்துவிட்டால் முழுப்பணமும் போகும். பள்ளத்தாக்கில் சிக்னல் இல்லாத நான் எப்படிக் கேட்பது? அதனால் மலைச்சாலையில் ஏறும் முன் பி.என்.ஆர். எண், டிக்கெட் எடுத்த மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாவற்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். "விமானத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் வரை நான் அழைக்காவிட்டால் தேதியை மாற்றிவிடு" என்று சொல்லிவைத்துவிடுங்கள். மதுரை டிக்கெட்டும் டெல்லி டிக்கெட்டும் ஒரே பி.என்.ஆர். ஆக இருக்கட்டும், தனித்தனியாக எடுத்தால் நூறு இருநூறு மிஞ்சும், ஒன்று போனால் இரண்டும் போகும். குளிர்காலத்தில் சாலை வழியாகப் போனால் பிஷ்கெக்கில் முழுசாக இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். ஹாஸ்டலில் ராத்திரிக்குத் தொள்ளாயிரம் சோம்தான் ஆகும். காலையில் கிளம்பும் வண்டியாகப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில் கணவாயைத் தாண்ட வேண்டும். விசா முடிகிற தேதிக்கு ஒட்டி டிக்கெட் போடாதீர்கள். என்னோடு படிக்கும் ஒரு அக்காவுக்கு அதே பனியில் விசா தேதி தாண்டிவிட்டது, அலுவலகம் அலுவலகமாக அலைந்து அபராதம் கட்டிய பிறகே வெளியே விட்டார்கள். பிஷ்கெக்கில் நம் தூதரகம் இருக்கிறது, எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, பலருக்குத் தெரிவதில்லை. இந்தியாவுக்குள்ளேயே பறக்கும் உள்நாட்டு டிக்கெட், பணம் திரும்பக் கிடைக்காத வகையாக இருந்தாலும், நீங்கள் ஏறாவிட்டாலும், அதில் சேர்ந்திருக்கும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. விமான நிறுவனத்தார் அவர்களாகத் தர மாட்டார்கள், எழுதிக் கேட்க வேண்டும். நான் எழுதிக் கேட்டேன், இரண்டு மாதம் கழித்து 1,140 ரூபாய் வந்தது.